அரச மரமும் ஆண்பிள்ளையும்

அரச மரத்தின் மீது எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், இந்தக் கட்டுரையைப் பாதி படித்துவிட்டு, "இந்த மனுஷர் நாஸ்திகராகிவிட்டார்" என்று எனக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுக்கும் நேயர்கள் உண்டு. அவர்கள் தயவு செய்து கடைசி வரையில் படித்துவிட்டு எழுதவேண்டும். என்னுடைய சண்டை மரத்தோடு அல்ல. மனைவி மரத்தைச் சுற்றும்போது, திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாரே புருஷன், அவரோடுதான்.

சென்ற மாதம் உறவில் ஒரு வளைகாப்பு. என் அக்காள் மகனும் அவன் மனைவியும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. அந்தப் பெண் கூடத்தில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பெரியம்மா ஒருவர் இருக்கிறார்; எழுபத்தெட்டு வயது; கண் பார்வை மங்கினாலும் இந்த மாதிரிப் பெண்கள் எந்தத் தூணுக்குப் பின்னால் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"ஏம்மா, உனக்கு விசேஷம் ஒண்ணும் இல்லையா? நாலு வருஷம் ஆச்சே!"

கூடத்தில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் புன்னகை செய்தாள். பழகிப் பழகி மெருகேறிய புன்னகை அது. பெரியம்மா நல்லவர்தான். உடனே வைத்தியமும் சொன்னார்: நாற்பத்தெட்டு நாள் விடியற்காலையில் ஸ்நானம் செய்து அரச மரத்தைச் சுற்றவேண்டும், சஷ்டி விரதம் இருக்கவேண்டும், யாரோ ஒருவரிடம் கிடைக்கும் லேகியத்தை ஒரு மண்டலம் சாப்பிடவேண்டும். ஒன்றாவது அவள் புருஷனுக்கு இல்லை.

புருஷன் எங்கே? வாசலைத் தாண்டி டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். அப்போது அவன் பற்ற வைத்திருந்தது, நான் எண்ணியவரை, அன்று மூன்றாவது சிகரெட். அமெரிக்காக்காரனுடைய பகல்தான் அவனுக்கு ஆபீஸ் நேரம். ஆகவே இரவெல்லாம் விழிப்பு, இரண்டு மணிக்குப் பிரியாணி, விடிந்த பிறகு தூக்கம். முப்பத்திரண்டு வயதில் சட்டைப் பித்தான் வயிற்றின் மேல் இழுத்துக்கொண்டு நிற்கிறது. "ஒரு நாள் நடந்து பாரேன்" என்றால், "நேரம் எங்கே மாமா?" என்பான். அவளுக்கு மட்டும் விடியற்காலை நாலு மணிக்கு மரம் சுற்ற நேரம் இருக்கிறது!

நம்முடைய பாஷையையே எடுத்துக்கொள்ளுங்கள். மலடி என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதற்கு ஆண்பால் அகராதியில் இருக்கிறது. ஆனால் எந்தத் தெருவிலாவது, எந்தச் சண்டையிலாவது ஓர் ஆண்பிள்ளையை அப்படிக் கூப்பிட்டு நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. பாஷையை விடுங்கள். நம்முடைய சட்டத்தைப் பாருங்கள். போலி மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-ல் நமது பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. எந்தெந்த வியாதியைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் ஒரு நீண்ட அட்டவணை உண்டு. அதில் 'பெண்களின் மலட்டுத்தன்மை' என்று ஒரு வரி வைத்தார்கள். ஆண்களின் மலட்டுத்தன்மை என்று வரி வைக்கவில்லை. ஆண்மைக் குறைவு இருக்கிறது. ஆனால் அது வேறு, இது வேறு. ஆண்மை குறையாத ஒருவனுக்கும் விந்தில் உயிரணு குறைந்திருக்கலாம் என்பது சட்டம் எழுதியவர்களின் யோசனைக்கு வரவில்லை போலும். பெரியம்மாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இப்போது வைத்திய சாஸ்திரம் சொல்வதைக் கேளுங்கள். ஓராண்டு காலம் தடையின்றிக் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை என்றால் அதைக் குறை என்கிறார்கள். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய 6 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கஷ்டத்தை அநுபவிக்கிறார்கள். ஆகவே இது ஏதோ பூர்வஜன்ம பாவம் செய்த நாலு குடும்பத்தின் சங்கதி அல்ல. அப்படிக் கஷ்டப்படும் தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆண்பிள்ளையின் பங்கும் இருக்கிறது. தனியாகவோ, மனைவியின் குறையோடு சேர்ந்தோ. ரூபாயில் எட்டணா நம்முடையது! அப்படியிருக்க, பதினாறு அணாவையும் அவள் தலையில் கட்டி அரச மரத்தைச் சுற்ற அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். வைத்தியம் படித்தவன் அல்ல. எனக்கு இருக்கும் யோக்கியதை வேறு. நானே அந்தத் திண்ணையில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தவன்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் இரண்டு பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்குமேல்தான் எனக்குப் பேனா ஓடும். ஓர் அத்தியாயம் முடிவதற்குள் ஒரு பெட்டி சிகரெட்டும் ஐந்து காப்பியும் தீர்ந்துவிடும். பசித்தால் பக்கத்துக் கடையில் பரோட்டா. அதே காலத்தில் என் மனைவி செவ்வாய், வெள்ளி, சஷ்டி என்று வாரத்தில் பாதி நாள் பட்டினி இருந்தாள். ராமேசுவரம் போய்வந்தோம். கோவில் மரத்தில் மரத்தொட்டில் கட்டினாள். நான் கூட நின்று, தொட்டிலின் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அது பெரிய உபகாரம் என்று எனக்கு நினைப்பு.

இதிலே இன்னொரு வெட்கக்கேடு உண்டு. அந்தத் தொடர்கதைகளில் ஒன்றின் கதாநாயகிக்குக் குழந்தை இல்லை. அவள் விரதம் இருக்கிறாள். மாமியாரின் ஏச்சைப் பொறுத்துக்கொள்கிறாள். தங்கையைத் தன் கணவனுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்கக்கூடத் துணிகிறாள். கடைசி அத்தியாயத்தில் அவள் பொறுமைக்குப் பரிசாகக் கருத்தரிக்கிறாள். ஐம்பத்திரண்டு வாரத்தில் ஒரு வாரமாவது அந்தக் கதாநாயகனை நான் வைத்தியரிடம் அனுப்பவில்லை. அவனுக்கு உத்தியோக உயர்வு கொடுத்தேன். கார் வாங்கிக் கொடுத்தேன். பரிசோதனை மட்டும் செய்து வைக்கவில்லை. "கண்ணீர் விட்டுப் படித்தேன்" என்று எத்தனையோ ஸ்திரீகள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை என் மனைவிதான் பிரித்து அடுக்கி வைத்தாள்.

நாலாவது வருஷம் ஒரு பெண் வைத்தியரிடம் போனோம். அவர் என் மனைவியை இரண்டு கேள்விதான் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "முதலில் உங்கள் விந்துப் பரிசோதனை. அதுதான் சுலபம், செலவும் குறைவு" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் நின்று சிகரெட் பிடித்தேன். என் மனைவி பின்னாலேயே வந்து, "வேண்டாம்னா விட்டுடுங்க" என்றாள். விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் விட்டுவிட்டேன். அப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. இரண்டு வருஷம் கழித்துப் போனபோது முப்பத்தைந்து.

என் கணக்கில் குறை இருந்தது. ஒரு மில்லிலிட்டர் விந்தில் 1 கோடியே 60 லட்சம் உயிரணுக்களாவது இருந்தால் கவலைப்படவேண்டாம் என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் 2021-ஆம் வருஷத்து ஏடு கூறுகிறது. அந்த ஏடு வருவதற்குமுன் அது 1 கோடியே 50 லட்சமாக இருந்தது. அதில் பாதிகூட என்னிடம் இல்லை. சிகரெட்டை நிறுத்தினேன், இரவு எழுத்தை நிறுத்தினேன், தினம் ஐந்து மைல் நடந்தேன். சில மாதங்களில் கணக்கு ஏறியது. ஆனால் அதற்குள் அவள் பக்கத்தில் காலம் இறங்கிவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த இரண்டு வருஷத்தை நான் வீணாக்காமல் இருந்தால் பிறந்திருக்கும் என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். பிறந்திராது என்றும் சொல்லமாட்டார். அதற்குமேல் இதைப்பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே என் கட்சி இதுதான்: நல்ல பழக்கங்களால் கருவளத்துக்கு உதவி உண்டு. ஆனால் அந்தப் பழக்கங்கள் இருவருக்கும் பொது. அதிலும் ஆண்பிள்ளைதான் முதலில் ஆரம்பிக்கவேண்டும்.

ஏன் முதலில் என்கிறேன்? பெண் குழந்தை பிறக்கும்போதே தன் ஆயுளுக்கு வேண்டிய சினைமுட்டைகளைச் சேமிப்பாகக் கொண்டு வருகிறாள். பிறகு அந்தச் சேமிப்பு குறைந்துகொண்டு வருமே தவிரப் புதிதாகச் சேராது. ஆண்பிள்ளையோ தினமும் உற்பத்தி செய்கிறான். ஓர் உயிரணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய இரண்டரை மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகிறது. இதன் அர்த்தம் என்ன? இன்று சிகரெட்டை நிறுத்தினால் பொங்கலுக்கோ சித்திரைக்கோ பலன் தெரியும். தன் தவறைத் திருத்திக்கொள்ள இயற்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுக் கணக்கு போட்டுத் தருகிறது. இந்தச் சலுகை அவளுக்கு இல்லை. சலுகை உள்ளவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். இல்லாதவள் பட்டினி இருக்கிறாள்!

அவன் செய்யவேண்டியது பிரம்ம வித்தை ஒன்றும் இல்லை. புகையிலையை விடவேண்டும், சிகரெட், பீடி மட்டும் அல்ல, வாயில் அடக்கிக்கொள்கிறார்களே, அதையும்தான். குடியை விடவேண்டும். இயற்கை விரைகளை உடம்புக்கு வெளியே தொங்கவிட்டிருப்பது அலங்காரத்துக்காக அல்ல. உடம்பின் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான சூட்டில்தான் அங்கே வேலை நடக்கும். அப்படியிருக்க, மடிக் கம்ப்யூட்டரை மணிக்கணக்காக மடியில் வைத்துக்கொள்வதும், மூச்சுத் திணறும் கால்சட்டையைப் போட்டுக்கொள்வதும் எதற்கு? வீட்டில் வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டால் கௌரவம் போய்விடுமா? உலைக்களத்திலும் அடுப்படியிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது விதி, வேறு வழியில்லை. நமக்கு இது வெறும் சோம்பல். அப்புறம், ஜிம்முக்குப் போய் மார்பை அகலமாக்க ஊசி போட்டுக்கொள்கிறார்களே இளைஞர்கள், அதைப்பற்றி யாராவது அவர்களிடம் உரக்கச் சொல்லவேண்டும். ஆண்மை தருவதாக நம்பிப் போட்டுக்கொள்ளும் அந்த ஹார்மோன்தான் உயிரணு உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. புஜம் புடைக்கும், தொட்டில் ஆடாது.

பெண்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு. ஆனால் அது பட்டினி அல்ல. மாதவிலக்கு ஒழுங்கின்றி வரும் நீர்க்கட்டிக் கோளாறு இன்று எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது. அவர்களில் உடம்பு கனத்தவர்கள் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை குறைத்தாலே பலருக்குச் சினைமுட்டை மறுபடியும் ஒழுங்காக வெளிவர ஆரம்பிக்கிறது. அதற்கு நடையும், மட்டான சோறும், வேளைக்குத் தூக்கமும் போதும். அதே சமயம், மிகவும் மெலிந்துவிட்டாலும் விலக்கு நின்றுவிடும். விரதம், விரதம் என்று எலும்பும் தோலுமாகும் பெண்களிடம் இதை யார் சொல்கிறார்கள்?

இன்னொன்று, கீரை. இதில் ஒரு கதை இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி 1928-ல் நம் தேசத்துக்கு வந்தார். பம்பாயில் பஞ்சாலை வேலை செய்யும் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சத்தைக் கொடுத்தால் அது குணமாவதை 1931-ல் எழுதினார். அந்தச் சத்தில் ஒளிந்திருந்த பொருளைப் பத்து வருஷம் கழித்து, 1941-ல், பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்குள்ள பெயரால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர். கருவில் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் நாலே வாரத்தில் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனது பல பெண்களுக்குத் தெரியவருவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். அந்தக் குழாய் சரியாக மூட இந்தச் சத்து வேண்டும் என்பது 1991-ல் ஐயமற நிரூபணமாயிற்று. ஆகையால் குழந்தை வேண்டுமென்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். கீரையும் பாசிப்பயறும் சாப்பிடுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள். பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் தங்கள் ரத்தத்தைக் கொடுத்து நமக்குச் சொன்ன பாடம் இது. இதைத் தூக்கி எறிந்துவிட்டு, தகர டப்பாவில் வரும் லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறோம்! அந்த டப்பாக்களில் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்ததாகப் பரிசோதனைகளில் வெளிவந்திருக்கிறது.

நாள் கணக்கும் ஒன்று உண்டு. அடுத்த விலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முந்தித்தான் சினைமுட்டை வெளிவருகிறது என்று ஜப்பானிய வைத்தியர் ஓகினோ 1924-லேயே கண்டுபிடித்தார். முட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்திய 5 நாட்கள், ஆக மாதத்தில் 6 நாட்கள்தான் கருத்தரிக்கக் கூடியவை. இப்போது சொல்லுங்கள்: துபாயில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருகிறான் புருஷன். அந்த ஒரு மாதத்தில் உறவினர் வீட்டு விருந்துகள் போக மீதி எத்தனை நாள்? அவன் விமானம் ஏறிய பிறகு, "கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு" என்று அவளை ஏசுகிறார்கள். ஆறு வருஷமா ஆயிற்று? ஐயா, கூட்டிப் பாருங்கள், மூன்று மாதம்!

"அப்படியானால் நடந்தால் போதும், கீரை தின்றால் போதும், வைத்தியர் வேண்டாம் என்கிறீரா?" என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. இயற்கை, இயற்கை என்று ஜபம் செய்கிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. கருக்குழாய் அடைத்திருந்தால் எத்தனை மைல் நடந்தாலும் அது திறக்காது. நம் தேசத்தில் க்ஷயரோகக் கிருமி சத்தமில்லாமல் கருக்குழாயைக் கெடுத்துவிடுவது உண்டு. அதற்குக் கஷாயம் மருந்தல்ல. பையன் பருவம் வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி கண்டு விரையையும் தாக்கியிருந்தால், முருங்கைக்கீரை அதைச் சரிசெய்துவிடாது. நல்ல பழக்கம் என்பது வயலை உழுது வைப்பது. மழைக்கு அது உத்தரவாதம் அல்ல. ஒரு வருஷம் பாருங்கள். மனைவிக்கு முப்பத்தைந்து கடந்திருந்தால் ஆறு மாதம் பாருங்கள். விலக்கு ஒழுங்காக இல்லையென்றால் அதுவரைகூடக் காத்திருக்கவேண்டாம். பிறகு இருவரும் சேர்ந்து போங்கள். பழக்கத்தையும் வைத்தியத்தையும் சக்களத்திகளாக ஆக்கியது யார்?

"மனசை லேசா வெச்சுக்கோம்மா, தானா தங்கும்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முப்பது பேர் நடுவில் விசாரணை நடத்திவிட்டு, மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. அவள் மனசு லேசாகவேண்டுமானால் முதலில் நீங்கள் கேள்வியை நிறுத்துங்கள். குழந்தை வேண்டாம் என்று இருப்பவர்களும், தத்து எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் நம் நடுவில் உண்டு. அவர்களையாவது விட்டுவிடுங்கள்.

வளைகாப்பன்று மாலையில் என் மருமகனைத் தனியாக அழைத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனேன். என் கதையைச் சொன்னேன். பரிசோதனை என்ற வார்த்தை வந்ததும் அவன் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பை நான் அறிவேன். ஒரு வைத்தியசாலையின் வாசலில் நின்று நானே அதை அணிந்திருக்கிறேன். "என்கிட்ட ஒண்ணும் குறை இல்ல மாமா" என்றான். "இருக்கலாம்டா. இல்லையென்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வா. அவளுக்கு அரை பாரம் குறையும்" என்றேன். பதில் பேசாமல் வந்தான். போன வாரம் அவன் மனைவி டெலிபோனில் பேசினாள். "அவர் போய்க் கொடுத்துட்டு வந்தார் மாமா" என்றாள். கணக்கு என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது அவர்கள் இருவருடைய அந்தரங்கம்.

கடைசியாகப் பெரியம்மாவுக்கும், பெரியம்மாவின் கட்சியில் இருக்கும் நேயர்களுக்கும் ஒரு சமாதானம் சொல்கிறேன். அரச மரத்தைச் சுற்றட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. விடியற்காலையில் எழுந்திருப்பதும், நாற்பத்தெட்டு நாள் தவறாமல் நடப்பதும் உடம்புக்கு நல்லதே. அந்த நன்மை இலையில் இல்லை, காலில் இருக்கிறது. ஆனால் தனியாக அவளை அனுப்பாதீர்கள். புருஷனும் கூடவே நடக்கட்டும். அவனே முன்னால் நடக்கட்டும். நாற்பத்தெட்டு நாள் அவனுக்குப் போதாது, தொண்ணூறு நாள் நடக்கட்டும். சட்டைப்பையில் சிகரெட் பெட்டி இருந்தால் மட்டும், அதை முதல் சுற்றிலேயே பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடக்கட்டும்.